பிறர் பாடநூலில் நம் முகம்: வரலாறு கற்பித்தலில் அனைத்துலக ஆசிரியர் ஒத்துழைப்பு



மொழியை வளர்ப்பதற்கென அமைந்த ஒரு மன்றத்தின் மேடையில் வரலாற்றுப் பாடத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும் என அவையோருள் சிலர் எண்ணக்கூடும். வரலாறு நிகழ்வுகளால் ஆனது. வரலாற்றுப் பாடமோ சொற்களால் ஆனது. ஒரு நிகழ்வைக் கலகம் என்பதா, கிளர்ச்சி என்பதா, விடுதலைப் போர் என்பதா என்று முடிவு செய்த அந்தக் கணத்திலேயே பாடத்தின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. மீதிப் பாதியை முடிவு செய்வது யாருடைய வாக்குமூலத்தை, எந்த மொழியில் உள்ள சான்றை நாம் படித்தோம் என்பது. ஆகவே மொழியாசிரியர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் இடையே வேலியில்லை. அவ்வாறிருக்க, நாட்டுக்கு நாடு வேறுபடும் வரலாற்றுப் பாடங்களை அந்நாடுகளின் ஆசிரியர்கள் கூடி அமர்ந்து ஆராய்வது எவ்வாறு தொடங்கியது, அதனால் என்ன விளைந்தது, நம் வட்டாரத்தில் அது ஏன் தேவைப்படுகிறது என்பவற்றை இன்று சிந்திப்போம்.

ஒரு நிகழ்ச்சி, இரு நினைவுகள்

நமக்கு அருகிலிருந்தே தொடங்குவோம். 1965-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. மூவர் உயிரிழந்தனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மலேசியா என்னும் கூட்டரசு உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய ‘கொன்ஃப்ரொன்தாசி’ என்னும் மோதலின் காலம் அது. குண்டு வைத்த குற்றத்துக்காக உஸ்மான், ஹருண் என்னும் இந்தோனேசியக் கடற்படைப் பிரிவினர் இருவர் 1968 அக்டோபர் 17-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய உடல்கள் ஜகார்த்தாவிலுள்ள கலிபாத்தா வீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அந்நாடு அவ்விருவரையும் தேசிய வீரர்களாகப் போற்றுகிறது.

1973-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ அக்கல்லறைகளுக்குச் சென்று மலர் தூவினார். இரு அரசுகளுக்கும் இடையே இருந்த கசப்பு அத்துடன் தணிந்தது. ஆயினும் 2014-இல் இந்தோனேசியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவ்விருவரின் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆறிய புண் மீண்டும் திறந்துகொண்டது. அடுத்த ஆண்டு மார்ச் 10-ஆம் நாள், மெக்டோனல்ட் ஹவுஸுக்கு எதிரே அம்மோதலில் மாண்டவர்க்கான நினைவுச் சின்னம் ஒன்றைச் சிங்கப்பூர் திறந்துவைத்தது.

இங்கே எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. உயிரிழந்த மூவரும் போர்க்களத்தில் நின்றவர்கள் அல்லர் என்பதை எந்தப் பார்வையும் மறைத்துவிட முடியாது. நாம் கருத வேண்டியது வேறொன்று. தலைவர்கள் ஒரே நாளில் மலர் தூவிச் சமாதானம் செய்துகொள்ளலாம். இரு கரையிலும் உள்ள மாணவர்கள் அதே இரு பெயர்களை இரு வேறு பொருளில் கேட்டு வளர்ந்தால், அந்தச் சமாதானம் ஒரு தலைமுறைக்குமேல் தாங்காது. அரசதந்திரம் முடிக்கும் இடத்தில் வகுப்பறையின் வேலை தொடங்குகிறது.

ஐரோப்பா கற்ற பாடம்

இவ்வேலையைப் பாடநூல்களின் வழியே செய்யலாம் என்னும் எண்ணம் முதல் உலகப் போரின் அழிவிலிருந்து பிறந்தது. 1919-இல் வட ஐரோப்பிய நாடுகளில் அமைந்த நோர்டன் சங்கங்கள், ஒரு நாட்டின் பாடநூலை மற்ற நாட்டின் அறிஞர் படித்துத் திருத்தம் சொல்லும் வழக்கத்தை 1930-களில் உருவாக்கின. நாடுகளின் கழகமும் அப்பணியில் இறங்கியது. தன் நாட்டைப்பற்றிப் பிற நாட்டுப் பாடநூலில் பிழையான செய்தி இருந்தால், அதைத் திருத்துமாறு முறைப்படி கேட்கும் ஏற்பாட்டை ஸ்பானிய அறிஞர் ஹூலியோ கசாரெஸ் 1920-களின் நடுவில் முன்மொழிந்தார். அவ்வேற்பாடு பெரும்பலன் தரவில்லை. பிறர் நூலில் பிழை காண்பது எளிது. தன் நூலில் பிழை உண்டென ஒப்புவது எந்த அரசுக்கும் எளிதன்று.

அரசுகள் தயங்கிய இடத்தில் ஆசிரியர்கள் துணிந்தனர். 1935-இல் பிரெஞ்சு, ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் பாரிசில் கூடி, இரு நாடுகளும் முரண்படும் செய்திகள்பற்றி ஏறத்தாழ நாற்பது கருத்துரைகளை வகுத்தனர். அப்போது ஜெர்மனியில் நாஜி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அக்கருத்துரைகள் வகுப்பறையை எட்டாமலே போயின. ஐந்தாண்டு கழியுமுன் இரு நாடுகளும் மீண்டும் போரில் இறங்கின.

போர் முடிந்தபின் 1951-இல் அதே இரு நாடுகளின் அறிஞர்கள் மீண்டும் அமர்ந்து 40 கருத்துரைகளை வெளியிட்டனர். 1914-இல் ஐரோப்பியப் போர் ஒன்றைத் திட்டமிட்டே விரும்பியதாக எந்த ஓர் அரசின்மீதும் மக்களின்மீதும் பழிசுமத்த ஆவணங்கள் இடந்தரவில்லை என்பது அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. அதே ஆண்டில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கியோர்க் எக்கெர்ட் என்பவர் அனைத்துலகப் பாடநூல் ஆய்வுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார். அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு போதித்தவர். போர்க்காலத்தில் கிரேக்கத்தில் இருந்தபோது நாஜி எதிர்ப்பாளரோடு சேர்ந்தவர். 1974-இல் அவர் மறைந்தபின் அக்கழகம் அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது. பல நாட்டுப் பாடநூல்களைத் திரட்டிவைத்திருக்கும் அதன் நூலகத்தில் ஒரு போரை அதில் ஈடுபட்ட இரு தரப்பின் பள்ளிக்கூட நூல்களிலும் அருகருகே வைத்துப் படிக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். 1951-இல் இணக்கமாக எட்டப்பட்ட அக்கருத்தே இறுதி உண்மையாக நிலைத்துவிடவில்லை. பத்தாண்டு கழித்து, 1961-இல், ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய வரலாற்றறிஞரே தம் நாட்டு ஆவணங்களை ஆராய்ந்து, போருக்கான பொறுப்பில் பெரும்பங்கு ஜெர்மானியத் தலைமைக்கு உண்டு என வாதிட்டு நூல் எழுதினார். அந்நாட்டில் அது பெரும் விவாதத்தை எழுப்பியது. கூடிப் பேசி எட்டும் உடன்பாடு நட்புக்கு உதவும். சான்று புதிதாக வரும்போது அந்த உடன்பாட்டையும் மறுபடி திறந்து பார்க்கும் மனம் ஆசிரியர்க்கு வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதே இத்துறையின் கடினம்.

சொல்லும் மௌனமும்

பிரான்சும் ஜெர்மனியும் ஏறத்தாழச் சமநிலையில் நின்று பேசியவை. போலந்தின் நிலை வேறு. இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 60 லட்சம் குடிமக்களைப் பறிகொடுத்த நாடு அது. 1970 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் உறவைச் சீராக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்பின் 1972-இல் இரு நாட்டு யுனெஸ்கோ ஆணையங்களின் ஆதரவில் கூட்டுப் பாடநூல் குழு தன் பணியைத் தொடங்கியது. நான்காண்டு விவாதத்துக்குப் பிறகு, 1976-இல், வரலாறு கற்பித்தலுக்கான 26 பரிந்துரைகள் வெளிவந்தன.

அங்கே எழுந்த பெரும் பூசல்களுள் ஒன்று ஒரு சொல்லைப் பற்றியது. போர் முடிந்தபின் போலந்தின் எல்லைக்குள் வந்த பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கான ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. அதை ‘விரட்டியடிப்பு’ என்று சொல்வதா, ‘மக்கள் இடமாற்றம்’ என்று சொல்வதா? முதற்சொல் ஜெர்மானியக் குடும்பங்களின் துயரைச் சொல்கிறது. அத்துயருக்கு முன்னே நடந்த நாஜிப் படையெடுப்பை அது மறைத்துவிடும் எனப் போலந்தினர் அஞ்சினர். இரண்டாம் சொல் நடுநிலை போலத் தோன்றுகிறது. வீட்டை விட்டு ஓடியவனின் அச்சத்தை அது அழித்துவிடுகிறது. பரிந்துரைகள் இரண்டாம் வகைச் சொற்களின் பக்கம் சாய்ந்தன. மேற்கு ஜெர்மனியில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது.

பேசப்படாதவையும் இருந்தன. போலந்தின் அதிகாரிகளைச் சோவியத்துக் காவலர் கொன்றொழித்த காத்தின் படுகொலையும், போலந்தைப் பங்கிட்டுக்கொள்ள 1939-இல் ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட மறைமுக ஒப்பந்தமும் அப்பரிந்துரைகளில் இடம்பெறவில்லை. அன்றைய போலந்தின் ஆட்சிமுறை அவற்றைப் பேச விடாது என்பதை அங்கே அமர்ந்திருந்த அனைவரும் அறிவர். இந்தக் குறையோடுதான் அப்பணி தொடங்கியது. நிறுத்திவிடாமல் தொடர்ந்ததால்தான், ஆட்சி மாறியபின் அவை பற்றியும் பேச முடிந்தது. 2016 முதல் 2020 வரை இரு நாட்டவரும் சேர்ந்து எழுதிய பள்ளிப் பாடநூல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. முதற்கூட்டத்திலிருந்து அந்நூல் வரை ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள். இப்பணியில் இறங்குவோர்க்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

இதற்கு முன்பே பிரான்சும் ஜெர்மனியும் பொதுப்பாடநூல் ஒன்றைப் படைத்திருந்தன. 2003-இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளையர் மன்றம், ‘நம் இருவர்க்கும் ஒரே வரலாற்று நூல் வேண்டும்’ எனக் கேட்டது. மாணவ வயதினர் எழுப்பிய அக்கோரிக்கையை அரசுகள் ஏற்றன. 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் இரு மொழிகளிலும் ஒரே உள்ளடக்கத்தோடு வந்தன. போருக்குப் பிந்திய அமெரிக்காவின் பங்கைப் போன்ற செய்திகளில் இரு தரப்பும் கருத்து வேறுபட்டன. அவ்வேறுபாட்டை மறைக்காமல், இரு நாட்டுப் பார்வையும் எங்கே பிரிகின்றன எனக் காட்டும் பகுதிகளை நூலிலேயே சேர்த்தனர். பிரான்சின் கல்வி ஒரே மையத்திலிருந்து இயங்குவது. ஜெர்மனியிலோ 16 மாநிலங்களும் தத்தம் பாடத்திட்டம் உடையவை. அதனால் அந்நூல் பெரும்பாலும் இருமொழி வகுப்புகளிலேயே புழங்கியது. பரவல் குறைவுதான். ஆயினும் பகைநாடுகளாக இருந்தவை ஒரே நூலை எழுத இயலும் என்பதற்கு அது சான்றாகிவிட்டது.

நடுவே ஒரு வெற்றுப்பத்தி

உடன்பாடு எட்டவே முடியாத இடத்தில் என்ன செய்வது? இக்கேள்விக்கு இஸ்ரேலிய, பாலஸ்தீன ஆசிரியர்கள் ஒரு விடை கண்டனர். சமி அத்வான் என்னும் பாலஸ்தீனக் கல்வியாளரும் டான் பார்-ஓன் என்னும் இஸ்ரேலிய உளவியலாளரும் வழிநடத்த, இரு தரப்பு ஆசிரியர்களும் சேர்ந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு பாடநூல்களை உருவாக்கினர். பக்கத்தின் ஒரு பத்தியில் இஸ்ரேலியரின் வரலாறு. இன்னொரு பத்தியில் பாலஸ்தீனரின் வரலாறு. இரண்டுக்கும் நடுவே எதுவும் அச்சிடப்படாத வெற்றிடம். அந்த இடம் மாணவனுக்கு உரியது. இரண்டையும் படித்தபின் அவன் எழுதவேண்டிய இடம் அது. இரு தரப்புக் கல்வி அமைச்சுகளும் அந்நூலைப் பள்ளிகளுக்கு ஏற்கவில்லை. இன்று அம்மண்ணில் நடப்பவற்றைப் பார்க்கும்போது அம்முயற்சி வீண் என்று கூறிவிடுவது எளிது. எழுதியவர்களோ தங்கள் நாட்டார் குண்டுக்கு அஞ்சி வாழ்ந்த நாள்களிலேயே கூடியமர்ந்து எழுதினர் என்பதை எண்ணும்போது, நமக்குச் சாக்குப்போக்கு இல்லை என்பது தெளிவாகிறது.

கிழக்காசியாவிலும் இத்தகைய பணி நடந்தது. ஜப்பானியப் பாடநூல் ஒன்றைச் சுற்றி எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து, சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளின் அறிஞரும் ஆசிரியரும் குடிமக்கள் அமைப்பினரும் சேர்ந்து தம் அண்மைக்கால வரலாற்றை எழுதினர். 2005-இல் அது மூன்று மொழிகளிலும் வெளிவந்தது. அரசுகள் செய்யத் தயங்கியதை ஆசிரியர்கள் துணைநூலாகச் செய்து காட்டினர். தென்கிழக்காசியாவில் யுனெஸ்கோவின் பேங்காக் அலுவலகம் 2013 முதல் பல நாட்டுக் கல்வியாளர்களைக் கூட்டி, இவ்வட்டார நாடுகளின் பகிர்ந்த வரலாற்றுக்கான பாடப்பகுதிகளை உருவாக்கியது. மக்களும் இடங்களும், தொடக்ககால ஆட்சி மையங்கள், அரிசியும் நறுமணப் பொருள்களும், தென்கிழக்காசியா என்னும் கருத்து உருவான விதம் ஆகிய நான்கு பொருள்களில் அவை அமைந்தன. நல்ல தொடக்கம் அது. அரிசியையும் கிராம்பையும் சேர்ந்து பேச முடிந்த நாம், அண்மைக்கால இரத்தத்தையும் சேர்ந்து பேசும் நாள் வரவேண்டும்.

எந்தப் பாடநூலுக்கும் சொந்தமில்லாத சாவு

அவ்வாறு பேச வேண்டியவற்றுள் முதன்மையானது சயாம் மரண ரயில்பாதை என்பது நம் கருத்து. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானிய இராணுவம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வருத்தப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் சில மடங்கினர். அவர்களின் மொத்தத் தொகையிலும் இறந்தோர் தொகையிலும் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. மலாயாவிலிருந்து சென்றவர் 70,000-க்கும் மேற்பட்டோர் என்றும், அவருள் பாதியளவினர் திரும்பவில்லை என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்.

ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. கூலியும் உணவும் தருவோம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற வாக்கை நம்பி முதலில் சிலர் போயினர். போனவர் திரும்பாத செய்தி பரவியபின், இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி வண்டியில் ஏற்றிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1943-இன் மழைக்காலத்தில் காலரா முகாம்களைச் சூறையாடியது. போர்க்கைதிகளிடையே தம்முடைய மருத்துவர் இருந்தனர், படை ஒழுங்கு இருந்தது, பெயர்ப்பதிவு இருந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு இவை எவையும் இல்லை.

இன்று காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகத் துயில்கின்றனர். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு, வயது உண்டு. நரகத்தீக் கணவாய் எனப்படும் பாறை வெட்டில் ஆஸ்திரேலிய அரசு 1998-இல் நினைவு அருங்காட்சியகம் அமைத்தது. 1957-இல் வந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய திரைப்படம் உலகெங்கும் ஓடியது. அதன் கதை நடுவில் நிற்பவர்கள் வெள்ளைக் கைதிகளும் அவர்களைக் காவல்காத்தவர்களும்தாம். தமிழ்த் தொழிலாளர்க்குப் பெயர் பொறித்த கற்கள் இல்லை.

இந்த மறதிக்குக் காரணம் ஒருவரின் தீய எண்ணம் மட்டுமன்று. அவர்கள் பிறந்தது, அல்லது அவர்தம் பெற்றோர் பிறந்தது, பிரிட்டிஷ் இந்தியாவில். உழைத்தது மலாயாவில். கட்டளையிட்டது ஜப்பான். உயிர்விட்டது சயாமிலும் பர்மாவிலும். தேசிய வரலாறு என்பது தன் எல்லைக்குள் நடந்ததையும் தன் குடிமக்களுக்கு நேர்ந்ததையும் சொல்லும் இயல்புடையது. இந்தியா 1947-இலும் மலாயா 1957-இலும் விடுதலை பெற்றுத் தத்தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, 1943-இல் இறந்த இவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாகவும் எஞ்சவில்லை. ஐந்து நாடுகளின் வரலாற்றிலும் இவர்களுக்கு ஓரம் உண்டு. எதிலும் நடுவிடம் இல்லை. ஒரு நாட்டு ஆசிரியர் தனித்து நின்று இப்பாடத்தை முழுமையாக நடத்த இயலாது. இராணுவத்தின் ஆணைகளும் பொறியியல் பதிவுகளும் ஜப்பானிய மொழியில் உள்ளன. கைதிகளின் நாட்குறிப்புகள் ஆங்கிலத்திலும் டச்சிலும் உள்ளன. பாதையோர ஊராரின் நினைவு தாய் மொழியிலும் பர்மியிலும் மொன் மொழியிலும் உள்ளது. மீண்டுவந்த தொழிலாளரின் நினைவு தமிழில் உள்ளது. இவற்றுள் உலகம் மிகக் குறைவாகப் படித்தது தமிழைத்தான்.

படிக்க எதுவும் இல்லாமற் போகவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் இத்துயரைப் பதிந்துள்ளன. சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் ஜப்பானிய ஆட்சிக்காலம் குறித்துத் தமிழிலும் நேர்காணல்களைச் சேகரித்துள்ளது. ஆனால், பதிவாகாமல் போனவையே மிகுதி. அந்நாளில் இளைஞராக இருந்தவர் இன்று நூறு வயதை எட்டியிருப்பர். இனி நமக்குக் கிடைக்கக்கூடியவை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வைத்த சொற்கள் மட்டுமே.

அச்சொற்களிலும் ஒரு வரலாறு உண்டு. ஆவணங்கள் அவர்களை ‘ரோமுஷா’ என்கின்றன. உழைப்பாளி என்பது அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். ‘சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்பது தோட்டப்புறத்துப் பேச்சு. உழைப்பாளி என்ற சொல்லில் கூலி தெரிகிறது. பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதில் கை தெரிகிறது. இவ்வேறுபாட்டை ஜப்பானிய மாணவருக்கு எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் எங்கே? இங்கேதான் மொழியாசிரியரின் கடமை பிறக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வரலாறு தமிழில் கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் வரலாற்றுப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்குள்ள தமிழாசிரியர் மொழிப்பாடத்தின் வழியாகவே வரலாற்றைத் தொடுகிறார். இவ்விரு நிலைகளையும் கருத்தில் கொண்டு, அமைச்சுகளின் அனுமதிக்குக் காத்திராமல் தொடங்கத்தக்க சிறுபணிகள் மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, இணைவாசிப்பு. ஜொகூர் பாலத்தின் இரு கரையிலும் உள்ள இரு பள்ளிகள், 1942 முதல் 1945 வரையிலான காலம்பற்றித் தத்தம் பாடநூல் என்ன சொல்கிறது என்பதை மாற்றிப் படிக்கலாம். 1942 பிப்ரவரி 15-ஐச் ‘சிங்கப்பூரின் வீழ்ச்சி’ என்கிறோம். வீழ்ந்தது யார்? பிரிட்டிஷ் அதிகாரமா, தீவின் மக்களா? ஜப்பானியர் அதே தீவுக்குச் சியோனான் எனப் பெயரிட்டபோது என்ன சொல்ல விரும்பினர்? இதே தேதியில், 1915-இல், இங்கே இந்தியச் சிப்பாய்கள் எழுந்தனர். பின்னர் 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது கலகமா, கிளர்ச்சியா? இக்கேள்விகளை ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவனால் தாராளமாக விவாதிக்க முடியும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. வீட்டுப் பெரியோரிடம் எஞ்சியுள்ள சயாம் நினைவுகளை மாணவர் கேட்டெழுத வேண்டும். சொன்னவர் யார், எவரிடமிருந்து கேட்டார், கண்டதா, கேள்விப்பட்டதா என்பவற்றையும் குறிக்க வேண்டும். மனவருத்தம் தரும் செய்தி ஆதலால், சொல்பவரின் இசைவு முதலில் வேண்டும். அவ்வாறு சேர்ந்தவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்தால், தாய்லாந்து, ஜப்பான் நாடுகளின் ஆசிரியர் கையில் அவை சேர வழி பிறக்கும். மொழி மன்றங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணி அரிது.

மூன்றாவது, நடுவே வெற்றிடம் விட்ட பக்கம். போர்க்கைதி ஒருவரின் குறிப்பு ஒருபுறம். தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாய்மொழி மறுபுறம். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மாணவன் நடுவில் எழுதட்டும். ஜப்பானிய வகுப்பறை ஒன்றும் இதில் சேருமானால், பாதை அமைத்த பொறியாளர் ஒருவரின் பார்வையும் வந்து சேரும். அந்த மூன்றாம் பார்வையைக் கேட்க நம் மாணவருக்கு உரம் வேண்டும். சொல்ல அவர்களுக்கும் உரம் வேண்டும்.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். பழையதைக் கிளறினால் பகை வளரும் என்பது ஒன்று. கேட்கப்படாத துயர்தான் தலைமுறை தாண்டிப் பகையாகிறது என்பதைப் போலந்தின் மௌனமும் கலிபாத்தாவின் மலர்களும் காட்டுகின்றன. மேலும், நம் பிள்ளைகள் ஜப்பானிய மாணவரை வெறுக்கக் கற்றால் நாம் தோற்றோம். 1943-இல் நடந்ததை அவர்களோடு அமர்ந்து பேசக் கற்றால் வென்றோம். அன்றியும் நம் பக்கத்துக் கேள்விகளும் மேசைக்கு வந்தாக வேண்டும். ஆள்பிடிப்பில் தோட்டத்து நிர்வாகமும் கங்காணியும் வகித்த பங்கு என்ன என்பதைக் கேட்காமல், ஜப்பானியரிடம் மட்டும் கணக்குக் கேட்பது நேர்மையாகாது.

தேர்வுக்கு வராததைப் படிக்க நேரமேது என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி. ஆசிரியரின் சுமையை நாம் அறிவோம். ஆண்டுக்கு நான்கு பாடவேளை போதும். அந்நான்கில் மாணவன் பெறுவது, ஒரு சான்றை எவர், எப்போது, எதற்காகச் சொன்னார் எனக் கேட்கும் பழக்கம். எந்தத் தேர்வுக்கும் உதவும் பழக்கம் அது.

அன்பார்ந்த ஆசிரியர்களே, மாணவர்களே! 1951-இல் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் கூடியபோது, அவர்களுக்கு இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. ஆகவே நம் முதல் வேலை எளிமையானது. இவ்வுரையைக் கேட்டுச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் இம்மாதத்துக்குள் தம் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம், ‘நம் வீட்டிலிருந்து சயாமுக்கு யாரேனும் போனார்களா?’ என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் எழுதுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் அவற்றை ஒன்றுதிரட்டி, கடல் கடந்த ஆசிரியர் ஒருவர் படிக்கும் மொழியில் ஆக்கித் தாருங்கள். பிற நாட்டாரோடு நாம் மேசையில் அமரும் நாளில், நம் கையில் வெறும் குறை மட்டும் இருக்கக்கூடாது. பெயர்கள் இருக்க வேண்டும்.